காக்காப்பொன்

புதன்கிழமை. மழை விட்டபாடில்லை.
கிருஷ்ணகிரி ராயக்கோட்டை மேம்பாலத்துக்குப் பக்கத்தில்
நாலு டீ, ஒன்றில் சர்க்கரை இல்லை.
கருவியைப் போர்வையில் சுற்றி
காய்ச்சல்காரப் பிள்ளைபோல்
மடியில் வைத்திருக்கிறான் நவாஸ்.

"போன வாரம் என்ன வெளச்சல்?" என்கிறார் திம்மராயன்,
கூடவே இருந்ததை மறந்தவர் மாதிரி.
பீர் மூடி பதினொன்று.
மாட்டு லாடம் ஒன்றரை.
மோட்டார் வாஷர்.
யாரோ கோபத்தில் வீசிய பூட்டு, சாவி இல்லை.
"சாவிய வர்ற வாரம் எடுத்துத் தர்றேன்ணே."
"காயலான் கடைக்கு வேண்டிய லட்சணமெல்லாம்
உனக்கு வந்துடுச்சு தம்பி."

திம்மராயன் பேசலாமா?
குவாரியில் இருபது வருஷம் மேஸ்திரி,
கல்லைப் பார்த்து ஜாதகம் சொல்கிறவர்.
வேப்பனப்பள்ளி தாண்டி ஒரு மேட்டில்
வெள்ளைக்கல் கோட்டைக் காட்டி
"கோலார்லேர்ந்து வர்ற நரம்பு இது" என்றார் தை மாதம்.
தோண்டினோம்.
பஞ்சாயத்துக் குடிநீர்க் குழாய்.
அன்று வாங்கிய வசவு
தமிழில் தொடங்கி, தெலுங்கில் வளர்ந்து,
கன்னடத்தில் முடிந்தது.

"இருந்தாலும் பொன்னையாறு. பேர்லயே பொன் இருக்கு."
"பக்கத்துல தர்மபுரின்னு ஒரு ஊர் இருக்கு," என்கிறான் நவாஸ்,
"அங்க போனா டீக்காசு யாராவது தர்றாங்களா?"

எலத்தகிரி அருளப்பன் சிரிப்பதோடு சரி.
சூளகிரி வளைவில் லாரி தட்டியதில்
அவர் முட்டிக்குக் கீழே ஒரு தகடு, ஆறு திருகாணி.
குறுக்கே நடந்தால் கருவி கத்தும்.
"மாவட்டத்துலயே வளமான நெலம் நீதான்பா,
குத்தகைக்கு விடு."
"விடலாம். ஆனா அடியில இருக்கிறது
கவர்மெண்டுக்குச் சொந்தமாமே."

அடுத்தது என் முறை, தெரியும்.
என் இரண்டு பவுன் சங்கிலி
கூட்டுறவு வங்கிப் பெட்டிக்குள் தூங்குகிறது.
அந்தப் பணம்தான் நவாஸ் மடியில்,
போர்வைக்குள்.
"இருக்கிற தங்கத்தப் பூட்டிட்டு
இல்லாத தங்கத்தத் தேடுற ஒரே ஆள்
நம்ம சௌடேஸ்வரிதான்."
நான் ரேஷன் கடையில் எடை போடுகிறவள்.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
ஆற்றிலிருந்து எடுத்ததை
ஒருநாள் அளக்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

எடுத்தது இதோ:
ஹோமியோபதிக் குப்பியில், கால் விரல்கடைத் தண்ணீரில்,
ஒன்பது மாதம் மணல் அலசியது.
குப்பியைச் சாய்த்தால் மெதுவாக நகரும்.
"எட்டு."
"ஏழு. அது ஒண்ணு காக்காப்பொன்."
"உன் கண்ணு காக்காக் கண்ணு."
டீக்கடைக்காரர் வாங்கிப் பார்க்கிறார்.
"என்னம்மா, ஓமமா?"

பழையபேட்டை ஆசாரியிடம் கொடுத்தால்
ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவார்
ஏழா, எட்டா, இல்லை எல்லாமேவா என்று.
போகலாம்தான்.
வெள்ளிக்கிழமை நவாஸுக்குத் தொழுகை.
சனிக்கிழமை திம்மராயனுக்குச் சகுனம் சரியில்லை.
ஞாயிறு நாம் யாரும் ஊரில் இல்லை.
திங்கள் எனக்குப் பருப்பு லோடு.
அருளப்பனுக்கு எல்லா நாளும் முட்டி வலி.
குப்பியை மூடி, மூடியை இன்னொரு தரம் திருகி
அவர் சட்டைப் பைக்குள் போடுகிறேன்.
இந்த வாரம் அவர் வீட்டு முறை.

"மழ விட்டா நாலரைக்கு."
"விடலைன்னா?"
"அஞ்சுக்கு."
புளிசாதம் என்னுடையது.
ஊறுகாய் கொண்டுவராத ஆளுக்கு
கிடைப்பதில் பங்கில்லை,
பீர் மூடியிலும்கூட.

டீக்காசு கொடுக்க அருளப்பன் எழுகிறார்.
அணைக்க மறந்த கருவி
போர்வைக்குள்ளிருந்து ஓங்கிக் கத்துகிறது.
பாலாடையை ஒதுக்கிக்கொண்டிருந்த கடைக்காரர்
கரண்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடி வருகிறார்,
"கெடச்சிடுச்சா? கெடச்சிடுச்சா?"